பிறந்தநாள் விழாவும் ஒரு சிரட்டையும்

வலிகாமத்திலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதம் இவ்வாரம் எமது மேசைமேற் கிடக்கின்றது. அவருடைய மகளுக்கு வரும் ஆவணியில் எட்டு வயது நிறைகின்றதாம். கனடாவிலுள்ள சித்தப்பா, "மண்டபம் எடுத்துச் செய்யுங்கள், செலவு என்னுடையது" என்று தொலைபேசியிற் கூறிவிட்டார். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் விழாவிலே மூன்றடுக்குக் கேக்கு, வாயிலில் ஆளுயரப் படம், படப்பிடிப்பாளர் இருவர் என்று ஊரே பேசும்படி நடந்ததாம். "அவ்வளவும் செய்யாவிட்டால் பிள்ளை ஏங்கிப் போவாளோ என்று அஞ்சுகிறேன், செய்துவிட்டால் அடுத்த ஆண்டுக்கு என்ன செய்வேன் என்றும் அஞ்சுகிறேன்" என்று அவ்வம்மையார் எழுதுகின்றார். இவ்விரண்டு அச்சங்களுள் முன்னதைப் போக்குவது எளிது. பின்னதுதான் குடும்பங்களை வாட்டுவது.

அம்மண்டப விழாக்களுக்கு நாமும் அழைப்பின்பேரிற் சென்றிருக்கின்றோம். பிறந்தநாட் பிள்ளை சரிகையுடுத்து வியர்த்துக்கொண்டு மேடையில் நிற்கும். குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஏறிப் படம் எடுத்துக்கொண்டு இறங்கும். வந்த சிறுவர் வரிசையாகப் போட்ட கதிரைகளில் இருந்து, ஒலிபெருக்கியின் இரைச்சலிற் பேசவும் இயலாமல், சிற்றுண்டிப் பொதி கைக்கு வரும்வரை காத்திருப்பர். இரண்டரை மணி நேரத்தில் அப்பிள்ளை செய்த காரியங்கள் இரண்டு: கத்தியைப் பிடித்தது ஒன்று, படம் பிடிப்பவர் சொன்னபோதெல்லாம் சிரித்தது மற்றொன்று. ஏனைய பிள்ளைகள் அதுவுஞ் செய்யவில்லை.

கேக்கு வெட்டுவது மேனாட்டு வழக்கம் என்று சொல்லி முழுவதையும் ஒதுக்கிவிடுவோர் உளர். எமது கருத்து அதுவன்று. இன்று உலகெங்கும் பாடப்படும் பிறந்தநாட் பாட்டின் மெட்டு, அமெரிக்காவின் கெந்தக்கி மாநிலத்தைச் சேர்ந்த ஹில் சகோதரியர் இருவர் சிறுவர் பள்ளிக்கென ஆக்கியது. 1893இல் அச்சேறியபோது அது காலையில் வகுப்பிலே பாடும் வணக்கப் பாட்டாக இருந்தது. பிள்ளைகள் பாடுவதற்கென்றே பிறந்த மெட்டை இன்று ஒலிபெருக்கி பாடுகின்றது, பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கின்றனர். குறை மேனாட்டிலன்று, நாம் எடுத்துக்கொண்ட பகுதியிலேயே உள்ளது. ஜேர்மனியில் 1837இல் சிறுவர் கல்விக்கூடம் தொடங்கிய புறோபெல், விளையாட்டையும் கைவேலையையும் குழந்தைக் கல்வியின் நடுவில் வைத்தார். அவருக்குப் பின்வந்த மரியா மொன்டிசோரி அம்மையார் 1944இல் நம் நாட்டுக்கும் வந்தவர். அவர் பெயரால் நடக்கும் பள்ளிகள் பலவற்றில் ஓர் அழகிய வழக்கம் உண்டு. நடுவில் ஒரு சுடரை ஞாயிறாக வைத்து, பிறந்தநாட் பிள்ளை சிறு பூகோள உருண்டையைக் கையிலேந்தி, தன் வயது எத்தனையோ அத்தனை முறை அதனைச் சுற்றி வரும். ஒவ்வொரு சுற்றும் ஓராண்டு. பூமி ஞாயிற்றைச் சுற்றுவதே ஆண்டு என்பதைப் பிள்ளை காலால் நடந்து அறிந்துகொள்கின்றது.

நம்மவர் வழக்கமும் இதற்கு அயலன்று. குழந்தைக்கு முதற்பல் முளைக்கும்போது நாம் செய்யும் பல்லுக்கொழுக்கட்டையை எண்ணிப் பாருங்கள். தலையிலே சிறு கொழுக்கட்டைகளைச் சொரிகின்றோம். முன்னாலே புத்தகம், பேனா, நகை, கண்ணாடி முதலியவற்றைப் பரப்புகின்றோம். பிறகு எல்லாரும் மூச்சையடக்கிக் காத்திருப்பது குழந்தை கையை நீட்டி எதை எடுக்கும் என்பதற்காகவே. அன்றைய நாயகரும் குழந்தை, செயலும் குழந்தையுடையது. இத்தகைய மக்கள் எட்டாவது பிறந்தநாளில் அதே பிள்ளையைப் பொம்மையாக நிறுத்திவைப்பது வியப்பே.

ஆதலின், அவ்வம்மையாருக்கு எமது மறுமொழி இது: விழாவைக் காட்சியாக வைக்காமற் செயலாக வையுங்கள். பிள்ளைகள் எதைச் செய்யப் போகின்றனர் என்பதை முதலில் முடிவு செய்க. உணவு, அலங்காரம், உடை யாவும் அதன் பின்னரே.

நிற்க. இதனை வெறும் சிக்கன யோசனை என்று எவரும் கருதிவிடலாகாது. ஆசிரியராயிருப்பவர் காணும் ஒன்றைப் பெற்றோர் காண்பதில்லை. வகுப்பிலே அழைப்பிதழ்கள் வழங்கப்படும்போது எல்லா முகங்களும் மலர்வதில்லை. எமது ஆறாந் தரத்து மாணவன் ஒருவன் அழைப்பிதழை வாங்கி, இரண்டாக மடித்து, கணிதப் புத்தகத்தின் நடுவே வைத்தான். விழா ஞாயிற்றுக்கிழமை. திங்களன்று நண்பன் கேட்டபோது, காய்ச்சல் என்றான். காய்ச்சல் இல்லை என்பது எமக்குத் தெரியும். அந்த ஞாயிறு மாலை அவன் சந்தையடியில் மிதிவண்டியோடு நின்றதை நாம் கண்டோம். பரிசுப்பொதி இல்லாமற் போக அவனால் இயலவில்லை. பரிசுக்குப் பணம் கேட்க வீட்டிலும் இயலவில்லை. தாளில் எத்தனையோ கணக்குகளைத் தவறாகச் செய்யும் அப்பையன் இந்தக் கணக்கை மட்டும் சரியாகச் செய்துவிட்டான். 2022இல் பால்மாவுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் இத்தகைய காய்ச்சல் பல வகுப்புகளிற் பரவியிருந்தது. வரிசைகள் போய்விட்டன; அக்காய்ச்சல் இன்னும் முற்றாகப் போகவில்லை.

எனவே, அழைப்பிதழில் இவ்வாறு எழுதுக: "பரிசு வேண்டா. வெறுஞ் சிரட்டை ஒன்று கொண்டு வருக." மாடிவீட்டிலும் சிரட்டை உண்டு, குடிசையிலும் உண்டு. எவருடைய சிரட்டை விலையுயர்ந்தது என்று எவராலும் கூற முடியாது. எதற்காக என்பதையும் எழுதிவிடாதீர்கள். எட்டு வயதுப் பிள்ளைக்கு, ஒரு வாரம் முழுதும் "சிரட்டை எதற்கு?" என்று எண்ணிக்கொண்டிருப்பதே விழாவின் பாதி இன்பம்.

எத்தனை பேரை அழைப்பது? மேனாட்டுத் தாய்மார் ஒரு கணக்குச் சொல்வர்: பிள்ளையின் வயதோடு ஒன்றைக் கூட்டுக என்பது. எட்டு வயதானால் ஒன்பது பேர். வீட்டிலே செய்யும் விழாவுக்கு இது தக்க அளவே. ஆயின், வகுப்பிலே முப்பது பேரிருக்க ஒன்பது பேருக்கு மட்டும் அங்கேயே அழைப்பிதழ் கொடுப்பது கொடுமை. அதனை வீடுகளுக்குச் சென்று கொடுக்க வேண்டும். நான்கு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் என்ற அளவில் துணை வேண்டும். ஓர் அத்தையும் உயர்வகுப்புப் படிக்கும் ஓர் அக்காவும் தாயோடு சேர்ந்தாற் போதும். நாளைக் குறிக்குமுன், தனியார் வகுப்பு இல்லாத மாலை எதுவென்று பாருங்கள். நமது ஊர்களில் அஃதொன்றே அரிதிற் கிடைப்பது! பிறந்த நட்சத்திரத்தன்று கோயிலிற் செய்யும் அருச்சனை அதன்பாட்டில் நடக்கட்டும். விழா வேறொரு நாளில் வரலாம்.

பிற்பகல் மூன்றரைக்குத் தொடங்கி ஐந்தே முக்காலுக்கு முடியுமாறு வைத்துக்கொள்க. இரண்டே கால் மணிக்கு மேற்பட்டால் எட்டு வயதுப் பிள்ளைகள் களைப்படைவர். களைத்த பிள்ளைகள் சண்டையிடுவர். முதல் வந்த பிள்ளைக்கு வாயிலிலேயே வேலை கொடுக்க வேண்டும் என்பது இதிலுள்ள நுட்பம். ஒன்பதாவது பிள்ளை வரும்வரை எட்டுப் பேரைச் சும்மா இருத்திவைப்பவர்கள் விழாவைத் தொடக்கத்திலேயே இழந்துவிடுகின்றனர். ஆகவே, முற்றத்திலே ஒரு கரடுமுரடான கல்லும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும். வந்தவர் தம் சிரட்டையின் தும்பைத் தேய்த்து நீக்கி, தூரிகை கொண்டு தம் பெயரை எழுதுவர். அறிமுகமில்லாத பிள்ளைகளுக்கும் பேச்சு அங்கேயே தொடங்கிவிடும். "இங்கே தா, நான் தேய்த்துத் தருகிறேன்" என்பதைவிட நல்ல அறிமுகவுரை இல்லை.

தேங்காயின் மூன்று கண்களுள் ஒன்று மென்மையானது. கண்ணுள்ள பாதியானால் அந்த மென்கண்ணை ஆணியாற் குத்தி எடுத்துவிடலாம். நீர் வடியும் துளை தானாக அமைந்துவிடும். மறுபாதியைக் கொண்டு வந்தவருக்காக நீங்களே ஒரு மாதமாகச் சேர்த்துவைத்த கண்சிரட்டைகளில் ஒன்றைக் கொடுங்கள். மூன்று கண்களுள் எது மென்மையானது என்பதைப் பிள்ளைகளே தடவிக் கண்டுபிடிக்கட்டும். குத்துவது பெரியவர் வேலை. பிறகு அதிலே மண்ணும் மக்கிய எருவும் இட்டு, முதல்நாள் இரவே ஊறவைத்த பயற்றில் ஐந்தாறு மணிகளை ஊன்றுவர். பயறு மூன்று நான்கு நாட்களில் தலைகாட்டிவிடும். ரோசாச் செடி வேண்டுமென்று ஆசைப்படற்க. எட்டு வயதின் பொறுமைக்குப் பயறே ஏற்றது.

சவர்க்காரமிட்டுக் கைகழுவிய பின் கொழுக்கட்டை. கொதிநீர் விட்டு மாவைக் குழைப்பதும் அவிப்பதும் பெரியவர் செய்ய வேண்டியவை. பயற்றை வறுத்து அவித்து, தேங்காய்ப்பூவும் சர்க்கரையும் ஏலமும் சேர்த்த உள்ளீட்டை முன்னரே ஆயத்தமாக வையுங்கள். மா கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும், ஒவ்வொருவருக்கும் மூன்று உருண்டைகள். தட்டி, உள்ளீடு வைத்து, மடித்து, விளிம்பைத் தமக்கு வேண்டியவாறு நெருடி அடையாளமிடட்டும். பிறந்தநாட் பிள்ளை நான்காவதாக ஒன்று செய்யலாம். அது வீட்டுப் பாட்டிக்கு. சில கொழுக்கட்டைகள் வாய்பிளந்து போகும். அவற்றை அம்மையார் எடுத்துத் திருத்திவிடக்கூடாது. தான் செய்த கோணற் கொழுக்கட்டையை ஒரு பிள்ளை எவ்வளவு பெருமையோடு உண்கின்றது என்பதைக் கண்டவர்க்கு, கடையில் வாங்கிய பலகாரத்தின்மேல் மதிப்புக் குறைந்துவிடும்.

அவிகின்ற கால்மணி நேரம் விளையாட்டுக்கு. இங்கே ஒரு வழக்கை நாம் எடுத்துரைக்க வேண்டும். சங்கீதக் கதிரை என்னும் விளையாட்டு நம் விழாக்களிலெல்லாம் நிலைபெற்றுவிட்டது. மெதுவாக ஓடும் பிள்ளை முதலில் வெளியேற்றப்படுகின்றது. எஞ்சிய நேரமெல்லாம் சுவரோரம் நின்று பார்க்கின்றது. யாருக்கு விளையாட்டு மிகுதியாக வேண்டுமோ அவருக்கே அது மிகக் குறைவாகக் கிடைக்கின்றது. இதை மாற்றுவதற்குப் பெருமுயற்சி வேண்டா. கதிரைகளைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், பிள்ளைகளைக் குறைக்காதீர்கள். பாட்டு நின்றதும் எல்லாரும் எஞ்சிய கதிரைகளிலே எப்படியாவது இடம்பிடிக்க வேண்டும் என்பது விதியாகட்டும். ஒன்பது பேர் மூன்று கதிரைகளில் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு தொங்கும்போது எழும் சிரிப்பு, ஒருவர் வெல்லும்போது எழும் கைதட்டலைவிடப் பெரியது. வளவு பெரிதாயிற் கிளித்தட்டு மறிக்கலாம். ஒருவர் தொடப்பட்டதும் அணிகள் இடம்மாறும் வகையில் ஆடினால் எவரும் ஓரத்தில் நிற்க நேராது. சிரட்டைக் கண்ணில் கயிறு கோத்துக் கால்விரலிடுக்கிற் பிடித்து நடக்கும் சிரட்டைக்கால் நடையும் உண்டு. நாணமுள்ள பிள்ளை விளையாட வர மறுத்தால் இழுக்க வேண்டா. பாட்டை நிறுத்தும் பொறுப்பை அதன் கையிற் கொடுங்கள். மூன்றாவது ஆட்டத்தில் அதுவே வந்து சேரும்.

பொழுது சாயும் வேளையிற் குத்துவிளக்கை ஏற்றி, முன்சொன்ன சுற்று நடையைச் செய்யலாம். பூகோள உருண்டை இல்லாவிட்டால் ஒரு தோடம்பழம் போதும். ஒவ்வொரு சுற்றுக்கும் தாயார் அவ்வாண்டில் நடந்த ஒன்றைச் சொல்லுக: முதற்சுற்றிற் பல் முளைத்தது; மூன்றாவதிற் கிணற்றடிப் பூனைக்குப் பெயர் வைத்தது; ஐந்தாவதிற் பள்ளிக்கூட வாயிலில் அழுதது. விளக்கை ஊதி அணைப்பது நம்மவருட் பலருக்கு ஒவ்வாதிருப்பது உண்மை. இம்முறையில் அந்தச் சங்கடமும் இல்லை. ஏற்றிய விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். சுற்று முடிந்ததும் எல்லாரும் பாயில் அமர, பிறந்தநாட் பிள்ளை தன் கையாலே பரிமாறிவிட்டுத் தானும் அமரட்டும்.

கேக்கு வேண்டாமா என்று மகள் கேட்பாள். சிறியதாக ஒன்று இருக்கட்டும். அதை முற்றாக விலக்கி, "நம் வீட்டில் நாம் அப்படிச் செய்வதில்லை" என்று பறைசாற்றுவதும் ஓர் ஆடம்பரமே. கனடாச் சித்தப்பாவையும் மனம் நோகச் செய்யற்க. காணொளி அழைப்பில் அவரைக் கூப்பிட்டு, கொழுக்கட்டை அவியும் வேளையிலே, தாம் எட்டு வயதில் விளையாடிய விளையாட்டொன்றைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்படி கேளுங்கள். பனியிலிருந்து கொண்டு பணம் அனுப்புபவர்க்கு, பணமல்லாத ஒன்றைத் தரும்படி எவரும் கேட்பதில்லை. அவர் ஒப்புக்கொள்வார் என்றே எண்ணுகின்றோம்.

மேலே கூறியது ஆவணி மாதத்துக்கு ஒருவாறு பொருந்தும். பிற மாதத்திற் பிறந்தவர்க்குப் பருவமே வேலையைச் சொல்லித்தரும். தையிற் பிறந்த பிள்ளைக்குப் பட்டங் கட்டுவதைவிட வேறென்ன வேண்டும்? தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் விசித்திரப் பட்டங்களைப் பார்க்க ஊரே திரள்கின்றது. அவ்வளவு பெரிதாக வேண்டா. தென்னோலை ஈர்க்கும் மெல்லிய வர்ணக் கடதாசியும் பழஞ்சேலைக் கிழிசலில் ஒரு வாலும் இருந்தாற் போதும். மின்கம்பி இல்லாத வெளியைத் தேர்ந்துகொள்க. கார்த்திகையானால் விளக்கீட்டுக்குக் களிமண்ணிற் சிட்டி பிடிக்கலாம்; மழை விடாதிருந்தால் திண்ணையிலிருந்து கடதாசிக் கப்பல். புரட்டாதி, ஐப்பசிப் பிள்ளைகள் பனம்விதைகளை அடுக்கிப் பாத்தி போடலாம்; தையளவிற் கிழங்கு பிடுங்குவதற்கென்று அதே நண்பர்கள் மீண்டும் வருவர். ஒரு செலவில் இரண்டு விழா! மட்டக்களப்பு, மலையக வாசகர் தத்தம் ஊர்ப் பருவத்துக்கேற்ப மாற்றிக்கொள்வாராக.

வெள்ளவத்தை மாடிக் குடியிருப்பில் வாழ்வோர் முற்றத்துக்கு எங்கே போவது என்பர். கொழுக்கட்டைக்கு முற்றம் வேண்டா. பழைய காலுறைகளிற் பொத்தான் தைத்துப் பாவை செய்து, மேசையைக் கவிழ்த்து அரங்காக்கி, இரண்டு குழுவாகக் கதை நடிக்கவும் முற்றம் வேண்டா. கண்ணைக் கட்டிவிட்டு, கறிவேப்பிலை, துளசி, தேசியிலை, கற்பூரவள்ளி என்பவற்றைக் கசக்கி முகரக் கொடுத்துப் பெயர் கேட்பது சின்ன அறையில் நடக்கும் பெரிய விளையாட்டு. கீழ்வீட்டாரிடம் மட்டும் முன்னரே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

பதினொரு, பன்னிரண்டு வயது மாணவர்க்குத் திட்டத்தையே ஒப்படைத்துவிடலாம். மூவாயிரம் ரூபா, பத்து நண்பர், இரண்டு மணி நேரம் என்று எல்லை வகுத்துக் கொடுத்து, பற்றுச்சீட்டுகளோடு கணக்குக் காட்டச் சொல்லுங்கள். விடுகதைகளைத் தாமே இயற்றி, அம்மியடி, முருங்கையடி, மாட்டுக்கொட்டில் என்று ஒன்றிலிருந்து ஒன்றுக்கு வழிகாட்டும் புதையல் வேட்டை அவ்வயதினர்க்கு மிகப் பிடிக்கும். ஆயின், எந்தத் துப்பும் கிணற்றடிக்கு வழிகாட்டலாகாது.

கிணற்றைப் பற்றிச் சொன்னதால் ஏனைய எச்சரிக்கைகளையும் இங்கேயே கூறிவிடுகின்றோம். கட்டுத் தாழ்ந்த கிணறானால் விழா நேரம் முழுதும் மூடியிருக்க வேண்டும். வேலியோரத்து மஞ்சள் அலரியின் விதை கொடிய நஞ்சு. சிறுவர் கூடும் நாளில் உதிர்ந்த காய்களைப் பொறுக்கிவிடுக. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் சிறு பிள்ளையின் தொண்டையை அடைக்கவல்லன. நுரை பீச்சும் குப்பிகள் எரியும் சுடரருகே தீப்பற்றும். அவற்றை வாங்கவே வேண்டா. கச்சான் ஒவ்வாத பிள்ளை எவரேனும் உண்டோ என்று பெற்றோரிடம் முன்னரே கேட்டறிக.

இறுதி வேலை துப்புரவு. அதையும் பிள்ளைகளிடமிருந்து பறித்துக்கொள்ளாதீர்கள். துளையில்லாத சிரட்டைகள் முற்றத்திற் கிடந்தால் அடுத்த மழையோடு நுளம்பு பெருகும். டெங்குக் காய்ச்சலை விருந்தினர்க்குப் பின் வந்த விருந்தாளியாக்கலாகாது. எல்லாவற்றையும் எண்ணிப் பொறுக்கி அடுப்படிக்குச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலை. அதையே போட்டியாக வைத்தால் மூன்று நிமிடம். பிறகு அவரவர் பயற்றுச் சிரட்டையை அவரவர் கையிற் கொடுத்து அனுப்புக. நாளுக்கு ஒரு சிரங்கை நீர் போதும் என்பதையும், வீட்டிலே கோழி இருந்தால் உயரத்தில் வைக்க வேண்டும் என்பதையும் வாயிலில் நின்று சொல்லிவிடுங்கள்.